எரிமலைப் படிவத்தில் நான் போடாத கையெழுத்து

மகன்,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முதலே சொன்னேன். நீ இஞ்சினியர் ஆவாய், ஆனால் அந்தக் கதிரையில் உன் மனம் ஒட்டாது என்று சொன்னேன். கழிவுநீர்க் குழாய்க்குப் படம் கீறுகிற பிள்ளை ஒரு நாள் கல்லுடைக்கிற சுத்தியலோடு வெளிக்கிடும் என்று சொன்னேன். இருபத்தைந்து வயதில் நீ வேலைக்கும் போய்க்கொண்டு, மிச்ச நேரத்தில் பல்கலைக்கழகத்தில் உன்னைவிட ஏழு வயது இளைய பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்து எரிமலை படிக்கத் தொடங்கினாய். சான்ட்ரிங்ஹாமில் எங்கள் ஆட்களின் கடையில் மரக்கறி வாங்க வந்த ஆட்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். நான் மட்டும் வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்துக்கொண்டு, இது எனக்குப் பழைய செய்தி என்றேன். இப்போது ஐஸ்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்கு உன்னை வரச்சொல்லி எழுதியிருக்கிறது என்றால் அதுவும் பழைய செய்திதான். சாட்சி வேண்டுமென்றால் ஹென்டர்சனில், அடிபட்ட கார்களை நிமிர்த்துகிற எங்கள் பட்டறையில், என்னோடு வேலை செய்கிற சியோனேயைக் கேள். தேநீர் நேரத்தில் நான் சொல்வது எதையும் அவன் மறுத்ததில்லை.

ஒன்றை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. அந்தக் கடிதத்துக்கு நீ இன்னும் ஓம், வருகிறேன் என்று எழுதவில்லையாம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் எழுதாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடுமாம். ஹில்ஸ்பரோவில் முதியோர் இல்ல வேலையை முடித்துக்கொண்டு வந்த உன் அம்மா, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று எனக்குச் சொன்னார். "தம்பி, அவன் போனிலை அழுறான். அப்பா என்னட்டைக் கேட்டது ஒண்டே ஒண்டு, அதையும் உதறிப்போட்டு எவ்வளவு தூரத்துக்கு ஓடுறது அம்மா எண்டு கேக்கிறான். நான் என்னத்தைச் சொல்ல?" நான் வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. அப்படி நடந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. உன் அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

அதனால்தான் எழுதுகிறேன். பத்து வருடமாக என் தொலைபேசி அழைப்பை நீ எடுப்பதில்லை, அதனால் எங்கள் தமிழ்ச் சங்கத்து மலரில் எழுதுகிறேன். சனிக்கிழமை மலர் வெளிவரும். உன் அம்மா, என் அண்ணி, உன் வீட்டு வாசலுக்கே கொண்டுவருவார். வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும்: நான் இவனைப் பெற்றவன் அல்ல. இவனுடைய அப்பாவின் தம்பி, சித்தப்பா. பதினொரு வயதில் இவன் தகப்பனை இழந்த நாளிலிருந்து, பாதுகாவலர் என்று போட்டிருக்கிற கோட்டில் கையெழுத்து வைத்தவன். ஒன்பதாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவனானாலும் என் கையெழுத்து ஒரு மந்திரியின் கையெழுத்து மாதிரி இருக்கும். எழுத்துப் பிழை எதுவும் கண்ணில் பட்டால் அது மலர்க்குழுவின் பொறுப்பு.

எனக்குப் பரீட்சை மீது அப்படி ஒரு பக்தி எங்கிருந்து வந்தது என்று நீ ஒருமுறையும் கேட்டதில்லை. கேட்காமலே நூறுமுறை சொல்லியிருக்கிறேன், இது நூற்றோராவது முறை. ஊரில் உன் அப்பா ஏ.எல் பரீட்சை எழுதிய காலையில், மண்டபத்தின் பின்சுவரில் ஷெல் விழுந்தது. கூரை ஓடுகள் மழையாகக் கொட்டின. மேற்பார்வை செய்த வாத்தியாரே மேசைக்குக் கீழே போய்விட்டார். பக்கத்து மேசைப் பெடியனின் கழுத்தை ஷெல்லின் சன்னம் கிழித்து, அவனுடைய இரத்தம் உன் அப்பாவின் விடைத்தாளில் தெறித்தது. உன் அப்பா தாளைத் தன் சட்டையில் ஒற்றிவிட்டு, நிலத்தில் படுத்தபடியே அடுத்த கேள்விக்குப் போனார். நான் வெளியே சைக்கிளோடு காவல் நின்றேன். ஷெல் விழுந்ததும் ஒரே மூச்சில் இரண்டு மைல் ஓடினேன்; சரி, பள்ளிக்கூடத்து மதில்வரை ஓடினேன். அந்தப் பெடியன் பின்னேரம் செத்துப்போனான். உன் அப்பா பரீட்சையில் சித்தியடைந்தார், கொழும்புக்குப் போனார், பிறகு இங்கே வந்தார், பிறகு என்னையும் கூப்பிட்டார். பரீட்சையை எழுதி முடித்தவன் உயிரோடு வெளியே வருவான், முடிக்காதவன் அங்கேயே கிடப்பான். என் மண்டைக்குள் அதற்குப் பிறகு வேறு கணக்கு எதுவும் ஏறவில்லை.

உனக்குப் பதினேழு வயதில், பள்ளிக்கூடத்துக் கடைசி வருடத் தொடக்கத்தில், உன் டீச்சர் இரண்டு வழி காட்டினா. ஒன்று ஸ்காலர்ஷிப் சோதினை. சாதாரணப் பிள்ளைகள் எழுதுகிறதற்கு மேலே, கெட்டிக்காரர் மட்டும் எழுதுகிறது. மற்றது, பள்ளியில் இருக்கும்போதே பல்கலைக்கழகத்தில் ஒரு பாடம் எடுப்பது. அதில் சித்தியடைந்தால் பிறகு பட்டத்திலும் அது சேரும். சோதினைக்கான வகுப்பும் அந்தப் பாடமும் கிழமையில் அதே இரண்டு பின்னேரங்களில் வந்ததால் ஒன்றைத்தான் எடுக்கலாம். நீ எரிமலைப் பாடத்தை எடுக்க நினைத்தாய். நானோ அதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே, சங்கத்து மண்டபத்தில் வடை தின்றுகொண்டு, அடுத்த பரிசளிப்பில் எங்கள் பெடியன்தான் மேடையில் என்று அறிவித்துவிட்டேன். எங்கள் ஆட்களின் வழக்கம் உனக்குத் தெரியும். ஸ்காலர்ஷிப் எடுத்த பிள்ளையை மேடைக்குக் கூப்பிடுவார்கள், கூடவே வளர்த்தவர்களையும் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவார்கள். பல்கலைக்கழகத்துப் பாடம் ஒன்றில் பாஸ் பண்ணின பிள்ளைக்கு ஒருவரும் துண்டுகூடப் போர்த்தியதில்லை. முதலாம் பிள்ளை யார் என்றே சொல்லாத படிப்பு எனக்குப் படிப்பாகத் தெரியவில்லை.

அண்ணி உன்னை என்னிடம் அனுப்பினார், சித்தப்பாவின் கையெழுத்து இல்லாமல் இந்த வீட்டில் எதுவும் நடக்காது என்று. நீ படிவத்தோடு ரயில் ஏறி ஹென்டர்சனுக்கு வந்தாய். நான் ஒரு வான் வண்டியின் கதவை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். வழக்கமாக ஆங்கிலத்தில் பதில் சொல்கிற நீ, அன்றைக்கு என்னை வளைக்கவேண்டும் என்று தமிழில் தொடங்கினாய்.

"சித்தப்பா, இதிலை ஒரு சைன் வைக்கவேணும்."

"என்னடா இது?"

"கம்பஸ் பாடம். பள்ளிக்கூடம் என்னைப் போகவிடும். கிழமையிலை ரெண்டு பின்னேரம்."

"அப்ப சோதினை?"

"அது ஏலாது. ரெண்டும் ஒரே நேரம்."

"என்ன பாடம்?"

"எரிமலை."

"கல்லோ?"

"கல்லும்தான்."

"கல்லுப் படிக்கவோடா கொப்பர் பிளேன் ஏறி இவ்வளவு தூரம் வந்தவர்? ரோட்டிலை கிடக்கிற கல்லைப் பாக்கிறதுக்குக் கம்பஸ் என்னத்துக்கு?"

நீ சிரித்தாய். பட்டறையில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். தமிழ் தெரியாத சியோனேகூட என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் என் கையைத் தூக்கியது. இருபது வருடம் இரும்பை அடித்த கை, மகன். வானின் கதவுக்கு ஓங்குகிற மாதிரியே ஓங்கினேன். உன் இடது காதோடு சேர்த்து விழுந்தது. நீ பெயின்ட் தகரங்களுக்கு நடுவில் போய் விழுந்தாய். தகரம் உருண்ட சத்தம் நின்றபோது உன் காதிலிருந்து இரத்தம் கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த அடிக்கு நான் குனிந்தபோது சியோனே பாய்ந்தான். "புரோ, அவன் சின்னப் பெடியன்!" என்று ஆங்கிலத்தில் கத்திக்கொண்டு என் தொண்டையைப் பிடித்து, ஒரு காரின் பொனட்டில் என்னை மல்லாக்க அறைந்தான். அந்தப் பொனட்டில் என் முதுகு நெளிவு விழுந்தது; அதை நிமிர்த்தியதும் நான்தான். சியோனே ஏழடி உயரம், ஐந்து பேர் சேர்ந்துதான் என்னைப் பிடித்தார்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவன் ஆறடி. ஒருவன்தான். ஒரு கைதான்.

நான் வாழ்க்கையில் கண்ட தைரியங்களில் எல்லாம் பெரியது அதற்குப் பிறகு நீ செய்தது. எழும்பினாய். காதை ஒரு கையால் பொத்தினாய். மற்றக் கையால் அதே படிவத்தைத் திரும்பவும் என்னிடம் நீட்டினாய். மூலையில் உன் பெருவிரல் இரத்தம் பட்டிருந்தது. பொனட்டில் கிடந்தபடி அதைப் பார்த்தேன். அடி தோற்றுப்போனது என்று விளங்கியது. அப்போதுதான், இனி மறைக்கக்கூடாது என்று, உன் அப்பாவின் கடைசிச் சொல்லை உனக்குச் சொன்னேன். வைத்தியசாலையில் என் கையை இறுக்கிப் பிடித்து, "தம்பி, இவனைப் பெரிய சோதினை எழுத வை. இஞ்சினியராக்கு. நான் கேக்கிறது இது ஒண்டுதான்" என்று சொல்லிக் கண்ணை மூடினார் என்று சொன்னேன். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அறைந்தபோது மாறாத முகம் அது. நீ படிவத்தை நாலாகக் கிழித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ரயிலுக்கு நடந்தாய்.

அதோடாவது நின்றேனா? ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் அறை யன்னலோரம் வரிசையாக வைத்திருந்த கற்களை வாளியில் அள்ளிவந்து, கார் நிறுத்துகிற கொங்கிறீட்டில் போட்டு, பட்டறைச் சுத்தியலால் அடித்தேன். கல்லை உடைத்தால் கல்லின் எண்ணமும் உடையும் என்று நினைத்தேன். சில்லு பறந்து பக்கத்து வீட்டு யன்னலில் பட்டது. என் நெற்றியும் கிழிந்தது. அண்ணி குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "போதும் தம்பி, ஆரை அடிக்கிறீங்கள் எண்டு உங்களுக்கே தெரியேல்லை, நிப்பாட்டுங்கோ" என்று கத்தினார். நீ காதில் பஞ்சோடு படியில் இருந்தாய். கறுப்பாக ஒரு கல் மட்டும் உடையவே இல்லை. அது எரிமலைக் குழம்பு இறுகின கல், அப்படி அடித்தால் மணிக்கட்டுத்தான் போகும் என்று ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னாய். அடுத்த அடியில் போனது. ஆறு கிழமை கட்டுப் போட்டேன். பட்டறையில் கொள்ளைக்காரனைப் பிடித்ததாகச் சொன்னேன். வைத்தியர் உன் காதைப் பார்த்துக் கேட்டபோது ரக்பிப் பந்து என்று சொன்னேன். நீ தலையை ஆட்டினாய். அந்தக் காதின் சவ்வு பிறகு சரியாக ஒட்டவே இல்லை.

நீ சோதினை எழுதினாய், மகன். அப்பா கேட்டார் என்று எழுதினாய். எப்படி எழுதினாய்! நாடே திரும்பிப் பார்த்தது என்று சொல்லுவேன்; குறைந்தது சங்கம் திரும்பிப் பார்த்தது. பரிசளிப்பில் உன் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கி உன் இடது பக்கம் இருந்தது. நீ அசையவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். "என்ன, பெடியனுக்கு இப்பவே தலைக்கனமோ?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்க, சனம் சிரித்தது. எல்லோருக்கும் முன்னால் உன் முதுகில் குத்தி எழுப்பினேன். மேடையில் எனக்கும் பொன்னாடை போர்த்தி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். என்னிடம் மைக்கைத் தரலாமா? அரை மணித்தியாலம் பேசினேன். அண்ணனின் கடைசிச் சொல்லை நாட்டுக்கூத்து மாதிரி நடித்துக் காட்டினேன். பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். முன்வரிசையில் உன் அம்மாவுக்கு அழுகை அடங்கவில்லை. நீ என் பக்கத்தில் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய், உன் தாடை மட்டும் ஆடியது.

பிறகு மண்டபத்துக்கு வெளியே, கார் நிறுத்துகிற இடத்தில், என்னை அடித்தாய். ஒரே ஒரு அடி. அந்த அடியைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். தோளிலிருந்து இறங்கி, இடுப்புத் திரும்பி, நேராக வாயில் வந்தது. எங்கள் பரம்பரையில் வேறு யாருக்கும் அப்படி அடிக்க வராது. முன்பல் இரண்டு பொன்னாடைக்குள் விழுந்தன. நான் திருப்பி அடித்தேன், உன் விலாவில் இரண்டு முறை. நீ திருப்பி அடிக்கவில்லை. "அப்பாவின்ரை கதையை இனிமேல் மேடையிலை சொல்லாதேங்கோ" என்றாய், தமிழில். பிறகு பேருந்துத் தரிப்புக்கு நடந்தாய். அன்றிலிருந்து இந்த வீட்டில் நீ ஒரு இரவும் தங்கியதில்லை. அப்பாவின் திவசத்துக்கு மட்டும் வருவாய், சாப்பிடுவாய், படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பாய், போவாய். என் பல்லைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, ஜாக்கில் ஏற்றிய லொறி சரிந்தது, நான் முதுகால் தாங்கிப் பிடித்தேன் என்று சொல்லியிருக்கிறேன். மூன்று பேர் நம்பினார்கள்.

ஆகவே உனக்குச் சொல்லிக்கொள்ள எனக்குச் சில விஷயங்கள் இருக்கின்றன, தகுதி இருக்கிறதோ இல்லையோ. இந்த மலரை வாசிக்கிற தாய் தகப்பன்மாரும் ஒட்டுக் கேட்கலாம். பிள்ளை இரண்டு படிவத்தோடு வந்தால் அது பெரிய சோதினையா, பல்கலைக்கழகப் பாடமா என்று பார்க்காதே. எந்தப் படிவத்தை அதன் கை இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று பார். சோதினை கூடாது என்று நான் சொல்லவில்லை. அது பலபேரைக் கரையேற்றியிருக்கிறது, உன் அப்பாவை ஏற்றியது. ஆனால் ஷெல் விழுகிற ஊரில் கரையேற்றியதை, ஷெல் விழாத ஊரிலும் பிள்ளையின் கழுத்தில் கட்டிவிட்டு, ஓடு ஓடு என்று அடித்தவன் நான். இங்கே விழுந்த ஒரே ஷெல் என் கைதான். உனக்கும் ஒரு நாள் பிள்ளை பிறக்கும், உன் கையும் என் கை மாதிரி அகலம். ஓங்கத் தோன்றினால் அறையை விட்டு வெளியே போய்விடு. ஐஸ்லாந்தில் பேசுகிறவர்களை வலது பக்கம் இருக்கச் சொல். காதை மூடுகிற தொப்பி போடு. குளிர் அந்தக் காதைத்தான் முதலில் தேடும்.

ஆனால் நீ போனால்தானே இதெல்லாம். உன்னைப் போகவிடாமல் பிடித்து வைத்திருப்பது அந்தக் கடைசிச் சொல். இஞ்சினியர் கதிரையை விட்டு எழும்பினால் செத்த தகப்பனைத் தள்ளிவிடுகிற மாதிரி உனக்கு இருக்கிறது. அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். மேடையில் முந்நூறு பேருக்கு முன்னால் சொன்னதை, முந்நூறு பேர் வாசிக்கிற இடத்தில்தான் திருத்தவேண்டும். அண்ணியும் இதை இப்போதுதான் வாசிக்கிறார். அண்ணி, என்னை மன்னியுங்கள், அல்லது மன்னிக்காதீர்கள், ஆனால் முடிவுவரை வாசியுங்கள்.

உன் அப்பா வைத்தியசாலையில் கிடந்த மூன்றாம் நாள் பின்னேரம், உன் அம்மா வேலையில், நீ பள்ளிக்கூடத்தில். பார்த்துக்கொள் என்று என்னிடம்தான் விட்டிருந்தார்கள். அண்ணன் நித்திரை. கார் நிறுத்தும் நேரம் முடியப்போகிறது என்று, காரை மாற்றி விடக் கீழே போனேன். கார் நிறுத்துகிற கட்டடத்தின் ஆறு மாடியும் ஒரே மாதிரி. எந்தக் காரையும் அதன் நெளிவை வைத்தே கண்டுபிடிப்பேன் என்று சொல்லித் திரிகிற நான், என் சொந்தக் காரைத் தேடி மாடி மாடியாக ஓடிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. கடைசிவரை அவர் கண் திறக்கவே இல்லை, ஒன்றும் சொல்லவில்லை என்று தாதி சொன்னா. அவவின் கையைத்தான் நான் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் என் கையைப் பிடிக்கவில்லை. அந்த வேளையில் அங்கே இல்லாதவன் என்று யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது என்று வருடக்கணக்காகப் பயந்திருந்தேன். பொனட்டில் கிடந்தபோது அந்தப் பயத்துக்கு ஒரு வாசகம் கிடைத்தது. சோதினை எழுத வை, இஞ்சினியராக்கு என்பதெல்லாம் நான் கட்டியது, மகன். உன் அப்பா உன்னிடம் எதையும் கேட்கவில்லை.